கொல்லர் மகன் கண்ட கணக்கு

1800ஆம் ஆண்டு இத்தாலிய விஞ்ஞானி அலெசாண்ட்ரோ வோல்டா ஒரு புதுமையை உலகிற்கு அறிவித்தார். ஒரு வெள்ளித் தகடு, ஒரு துத்தநாகத் தகடு, அதன்மேல் உப்புநீரில் நனைத்த அட்டை, மீண்டும் வெள்ளி, துத்தநாகம், அட்டை என்று அடுக்கிக்கொண்டே போய், அந்த அடுக்கின் மேல்முனையையும் கீழ்முனையையும் ஒரு கம்பியால் இணைத்தால், அதில் மின்சாரம் இடைவிடாது ஓடும் என்பதே அது. அதற்கு முன்பெல்லாம் மின்சாரம் என்றால் கண்ணாடியைத் தேய்த்து உண்டாக்கும் பொறிதான். பளிச்சென்று தோன்றும், மறைந்துவிடும். ஓடிக்கொண்டே இருக்கும் மின்சாரம் மனிதனின் கைக்கு வந்தது அப்போதுதான். செய்தி லண்டனுக்கு எட்டியவுடன் வில்லியம் நிக்கல்சன், ஆன்டனி கார்லைல் என்னும் இருவர் அதேபோன்ற அடுக்கு ஒன்றைச் செய்து, அதன் கம்பிகளைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தனர். குமிழ்கள் கிளம்பின. ஒரு கம்பியில் வந்தது ஹைட்ரஜன். மற்றதில் வந்தது ஆக்சிஜன். நெருப்பில்லாமல், சுத்தியல் இல்லாமல், மின்சாரம் தண்ணீரைப் பிரித்துவிட்டது!

அந்த ஆண்டில் அதே லண்டன் நகரத்தில் ஒரு கொல்லரின் மகன், எட்டு வயதுச் சிறுவன், தெருவில் கோலி விளையாடிக்கொண்டிருந்தான். பிற்காலத்தில் அந்தக் குமிழ்களுக்குக் கணக்கு எழுதப் போகிறவன் அவன்தான் என்று அப்போது சொல்லியிருந்தால் யார் நம்பியிருப்பார்கள்? அவன் பெயர் மைக்கேல் பாரடே.

1791ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் லண்டனின் தென்புறத்திலுள்ள நியூவிங்டன் பட்ஸ் என்னும் இடத்தில் அவன் பிறந்தான். தந்தை ஜேம்ஸ் பாரடே, இங்கிலாந்தின் வடபகுதியிலிருந்து பிழைப்பைத் தேடி லண்டனுக்கு வந்தவர். உடல் நலம் குன்றியதால் பட்டறையில் ஒரு முழுநாள் நின்று வேலை செய்ய அவரால் இயலாமற் போயிற்று. 1801ஆம் ஆண்டு உணவுப் பொருள்களின் விலை ஏறியபோது, வாரம் ஒன்றுக்கு ஒரு ரொட்டி மைக்கேலின் பங்காகக் கொடுக்கப்பட்டதாம். அதை அவன் ஏழு நாளைக்கும் வைத்துச் சாப்பிட வேண்டும். பள்ளியில் கற்றது எழுதப் படிக்க, சிறிது கணக்குப் போட, அவ்வளவுதான். உயர்ந்த கணிதம் அவனுக்குக் கடைசிவரை கைவரவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கணக்குப் பாடம் என்றாலே நடுங்கும் நம் வகுப்புத் தோழியருக்கு இது ஓர் ஆறுதலாக இருக்கும்!

பதின்மூன்றாம் வயதில் மைக்கேல், பிளாண்ட்போர்டு தெருவிலிருந்த ஜார்ஜ் ரிபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தான். அக்காலத்தில் செய்தித்தாளை விலைக்கு வாங்க வசதியில்லாதவர்கள் வாடகைக்கு வாங்கிப் படிப்பார்கள். காலையில் ஒரு வீட்டில் கொடுத்துவிட்டு, பிறகு போய்த் திரும்ப வாங்கி, அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். இதுதான் அவன் வேலை. அடுத்த ஆண்டு, 1805இல், கட்டணம் எதுவும் வாங்காமலே ரிபோ அவனைப் புத்தகம் கட்டும் தொழிலில் பயிற்சியாளாக ஏழாண்டுகளுக்குச் சேர்த்துக்கொண்டார். புத்தகம் தைக்க வந்தவன் அதைப் படிக்கவும் ஆரம்பித்தான். பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தை பைண்டு செய்கையில் மின்சாரம் பற்றிய கட்டுரை கண்ணில் பட்டது. அங்கேயே அதைப் படித்தான். முதலாளி திட்டவில்லை. திட்டுகிற முதலாளியாக இருந்திருந்தால் விஞ்ஞான வரலாறே வேறாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

தைக்க வந்த இன்னொரு நூலைப் பற்றி நாம் சற்று நின்று பேச வேண்டும். அதன் பெயர் வேதியியல் உரையாடல்கள். 1806இல் வெளிவந்தபோது அதில் ஆசிரியர் பெயரே இல்லை. எழுதியவர் ஜேன் மார்செட் என்னும் பெண்மணி. அவர் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற விஞ்ஞான நிலையத்தில் சர் ஹம்ப்ரி டேவி ஆற்றிய சொற்பொழிவுகளைக் கேட்கச் சென்றார். முதலில் பல செய்திகள் விளங்கவில்லை. நண்பர் ஒருவருடன் பேசிப் பேசி அவற்றைத் தெளிவுபடுத்திக்கொண்டார். தம்மைப்போல் விளங்காமல் தவிக்கும் பெண்களுக்கு உதவட்டுமே என்று அந்தப் பேச்சையே நூலாக்கினார். நூலில் ஓர் ஆசிரியை. எமிலி, கரோலின் என்ற இரண்டு மாணவியர். எமிலி அடக்கமானவள்; கரோலின் குறும்புக் கேள்விகள் கேட்பவள். முக்கியமாகப் பெண்களுக்கென்றே எழுதப்பட்ட அந்தப் புத்தகம், விலை கொடுத்து வாங்க முடியாத ஒரு பைண்டர் பையனின் மடியில் வந்து விழுந்தது. நூலில் சொன்னதை அவன் அப்படியே நம்பிவிடவில்லை. கையிலிருந்த சில்லறைக் காசுக்குக் கிடைத்த பொருள்களைக் கொண்டு ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தான். நூல் சொன்னபடியே நடந்தது. பிறகுதான் நம்பினான். பிற்காலத்தில் உலகமே போற்றிய விஞ்ஞானியான பிறகும், மார்செட் அம்மையாரைத் தம் முதல் ஆசிரியை என்றே பாரடே சொல்லி வந்தார். தம் ஆராய்ச்சிக் கட்டுரைகளை அவருக்கு அனுப்பியும் வைத்தார்.

1810இல் தந்தை இறந்தார். அண்ணன் ராபர்ட்டும் கொல்லர்தான். தம்பி விஞ்ஞானச் சொற்பொழிவு கேட்க ஒவ்வொரு முறையும் ஒரு ஷில்லிங் தேவைப்பட்டது. அந்தக் காசை அண்ணன் கொடுத்தார். பட்டறையில் வியர்வை சிந்திச் சம்பாதித்த காசு அது.

1812ஆம் ஆண்டு வந்தது. ரிபோ கடைக்கு வாடிக்கையாக வரும் வில்லியம் டான்ஸ் என்ற இசைக் கலைஞர், டேவியின் சொற்பொழிவுகள் நான்கிற்கு நுழைவுச் சீட்டு வாங்கிக் கொடுத்தார். டேவி அன்று ஐரோப்பாவே அறிந்த பெயர். வோல்டாவின் அடுக்கைக் கொண்டு 1807இல் பொட்டாசியம், சோடியம் ஆகிய இரு உலோகங்களை முதன்முதலில் பிரித்தெடுத்தவர் அவர். பாரடே மேல்மாடத்தில் அமர்ந்து ஒரு சொல் விடாமல் குறிப்பெடுத்தார். வீட்டில் அவற்றைத் திருத்தி எழுதி, படங்கள் வரைந்து, தாமே அழகாக பைண்டு செய்தார்.

அந்த ஜூலை மாதத்தில் அவர் செய்த சோதனை ஒன்று எனக்கு மிகவும் பிடித்தமானது. வோல்டாவைப்போல் வெள்ளித் தகடு வாங்க அவரிடம் ஏது பணம்? ஏழு அரைப்பென்னி செப்புக் காசுகளை எடுத்தார். அதே அளவில் ஏழு துத்தநாக வட்டங்களை வெட்டினார். உப்புநீரில் நனைத்த ஆறு காகிதத் துண்டுகளை இடையில் வைத்து அடுக்கினார். அதிலிருந்து வந்த கம்பிகளை மக்னீசியம் சல்பேட், அதாவது பேதி உப்புக் கரைசலில் விட்டார். கம்பிகளில் குமிழ்கள் திரண்டன. இரண்டு மணி நேரத்திற்குள் தெளிந்திருந்த நீர் கலங்கி வெண்மையாயிற்று. கரைந்திருந்த மக்னீசியா பிரிந்து மிதந்தது. இருபது வயது இளைஞருக்குத் தலைகால் புரியாத மகிழ்ச்சி. தம் நண்பர் பெஞ்சமின் அபட்டுக்கு உடனே கடிதம் எழுதினார். ஏழு செப்புக் காசுகளில் தொடங்கிய அந்த வேலைதான் இருபத்தொரு ஆண்டுகளுக்குப் பின் ஒரு பெரும் விதியாக முடிந்தது.

அக்டோபரில் பயிற்சிக் காலம் முடிந்தது. பிறகு சேர்ந்த கடையின் முதலாளி கடுகடுப்பானவர். எப்படியாவது விஞ்ஞானத் துறையில் ஒரு வேலை கிடைக்காதா என்று ஏங்கிய பாரடே, தாம் பைண்டு செய்த குறிப்புப் புத்தகத்தை டேவிக்கே அனுப்பி வைத்தார். டேவி மகிழ்ந்தார்; ஆனால் வேலை காலியில்லை, புத்தகம் கட்டும் தொழிலையே கவனித்துக்கொள்ளும்படி அறிவுரை கூறினார். சில வாரங்களில் ராயல் இன்ஸ்டிடியூஷனின் ஆய்வக உதவியாளர் அங்கிருந்த கருவி செய்பவரோடு சண்டையிட்டு வேலை இழந்தார். டேவிக்குப் பாரடேயின் நினைவு வந்தது. 1813 மார்ச் முதல் நாள் பாரடே நியமிக்கப்பட்டார். வாரம் 25 ஷில்லிங் சம்பளம். தங்குவதற்கு மாடியின் உச்சியில் இரண்டு அறைகள்.

அதே ஆண்டு அக்டோபரில் டேவி தம் மனைவியுடன் ஐரோப்பியப் பயணம் புறப்பட்டார். கடைசி நேரத்தில் வேலைக்காரர் வர மறுத்துவிட்டதால், விஞ்ஞான உதவியாளராகச் சென்ற பாரடே எடுபிடி வேலையையும் செய்ய நேர்ந்தது. டேவியின் மனைவி அவரை வேலைக்காரராகவே நடத்தினார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்கே திரும்பிவிடலாமா என்றுகூட அவருக்குத் தோன்றியது. ஆயினும் அந்த ஒன்றரை ஆண்டுப் பயணமே அவருக்குப் பல்கலைக்கழகம். மிலான் நகரில் முதியவரான வோல்டாவை அவர் நேரில் கண்டார்.

குருவும் சீடனும் கடைசிவரை ஒரே அன்புடன் இருந்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது அப்படியன்று. 1821இல் மின்சாரம் ஓடும் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுழலுவதைப் பாரடே காட்டியபோது, மற்றொருவரின் எண்ணத்தை எடுத்துக்கொண்டுவிட்டார் என்ற பழி அவர்மீது விழுந்தது. ராயல் சொசைட்டியில் உறுப்பினராக அவர் பெயர் முன்மொழியப்பட்டபோது, அதன் தலைவராக இருந்த டேவியே எதிர்த்தார். மனுவைத் திரும்பப் பெறும்படி கேட்டார். பாரடே இணங்கவில்லை. 1824 ஜனவரியில் வாக்கெடுப்பு நடந்தது. எதிராக விழுந்தது ஒரே ஒரு வாக்கு. பாரடே வென்றார். ஆனால் டேவியைப் பற்றி அவர் பின்னாளில் பேசும்போதெல்லாம் நன்றியுடனேயே பேசினார். 1829இல் டேவி ஜெனிவாவில் காலமானார்.

1831இல் பாரடே காந்தத்தைக் கொண்டு மின்சாரம் உண்டாக்கியதை நாம் பாடநூலில் படித்திருக்கிறோம். இன்றைய மின் நிலையங்களுக்கெல்லாம் தாய் அது. ஆனால் என் கட்டுரை திரவங்களைப் பற்றியது. ஆகவே அதைக் கடந்து 1833க்குச் செல்கிறேன்.

அன்றைய விஞ்ஞானிகளுக்கு ஓர் ஐயம் இருந்தது. தேய்த்து உண்டாக்கும் மின்சாரம், வோல்டா அடுக்கின் மின்சாரம், காந்தத்தால் உண்டாகும் மின்சாரம், சில மீன்களின் உடலில் தோன்றும் மின்சாரம் இவையெல்லாம் ஒன்றுதானா, வேறு வேறா? பாரடே இதைத் தீர்க்க முற்பட்டார். தேய்ப்பு மின்சாரமும் திரவத்தைப் பிரிக்கிறதா என்று பார்த்தார். அதற்கு அவர் பயன்படுத்திய ஒரு பொருள் நம் அடுப்பங்கரையில் இருக்கிறது: மஞ்சள்! மஞ்சள் சாற்றில் தோய்த்த தாள் காரம் பட்டால் சிவக்கும். மஞ்சளில் சுண்ணாம்பு கலந்து ஆரத்தி கரைக்கும்போது நாம் காண்பதும் அதுவே. லிட்மஸ் தாள் அமிலம் பட்டால் சிவக்கும். சோடியம் சல்பேட் கரைசலில் நனைத்த இவ்விரு தாள்களின் வழியே தேய்ப்பு மின்சாரத்தைச் செலுத்தினார். ஒரு முனையில் அமிலமும் மறுமுனையில் காரமும் தோன்றி இரண்டு தாள்களும் நிறம் மாறின. எந்த வழியில் பிறந்தாலும் மின்சாரம் ஒன்றே என்று பல சோதனைகளால் நிலைநாட்டினார்.

அடுத்த சோதனையில் அவர் தம் குருவின் கொள்கையோடு மோத நேர்ந்தது. கரைசலில் உள்ள உலோகக் கம்பி காந்தம் இரும்பை இழுப்பதுபோல் பொருள்களைத் தன்னிடம் இழுக்கிறது, அந்த இழுப்பினால்தான் திரவம் பிரிகிறது என்பது டேவி உள்ளிட்ட பலரின் எண்ணம். பாரடே உலோகக் கம்பி தாளைத் தொடாதபடி சிறிது இடைவெளி விட்டு, காற்றின் வழியாகவே மின்சாரத்தைச் செலுத்தினார். உலோகமே தொடவில்லை. ஆயினும் தாளின் ஒரு நுனியில் அமிலமும் மறு நுனியில் காரமும் வந்து நின்றன! அப்படியானால் கம்பி இழுப்பதால் இது நடைபெறவில்லை. மின்சாரம் செல்லும்போது திரவத்தின் உள்ளேயே மாற்றம் நிகழ்கிறது. கம்பி என்பது மின்சாரம் நுழையவும் வெளியேறவும் உள்ள வாயில் மட்டுமே. தமிழில் நாம் மின்வாய் என்று சொல்லுகிறோமே, எவ்வளவு பொருத்தமான சொல்!

1833 ஜனவரிக் குளிரில் இன்னொன்றையும் கண்டார். தண்ணீர் வழியே செல்லும் மின்சாரம், மெல்லிய பனிக்கட்டிப் படலம் ஒன்று குறுக்கிட்டால் நின்றுபோகிறது. அதே தண்ணீர்தான், உறைந்தால் வழி அடைத்துக்கொள்கிறது. காரீய குளோரைடு, வெள்ளி குளோரைடு முதலிய பல பொருள்களைச் சோதித்தார். திடமாக இருக்கும்வரை மின்சாரம் செல்லவில்லை. உருக்கினால் சென்றது, சென்றவுடன் பொருளும் பிரிந்தது. துகள்கள் நகர இடம் இருந்தால்தான் மின்சாரமும் நகரும் என்பது இதனால் புலனாயிற்று.

இப்போது அந்தக் கணக்குக்கு வருகிறேன். எவ்வளவு மின்சாரம் செலுத்தினால் எவ்வளவு பொருள் பிரியும்? முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பலர் குமிழ்களைப் பார்த்து வியந்தார்கள். பாரடே அவற்றை அளந்தார். அளவுக் கோடிட்ட கண்ணாடிக் குழாயில் நீர்த்த கந்தக அமிலத்தை நிரப்பி, வெளிவரும் வாயுவைச் சேர்த்து அளக்கும் கருவி ஒன்றைச் செய்தார். மின்தகடுகளைப் பெரிதாக்கினார், சிறிதாக்கினார். அமிலத்தின் செறிவை மாற்றினார். அடுக்கின் வலிமையைக் கூட்டினார், குறைத்தார். ஒரே அளவு மின்சாரம் சென்றபோதெல்லாம் வாயுவின் அளவு மாறவேயில்லை. மின்சாரம் இருமடங்கானால் பிரியும் பொருளும் இருமடங்கு. இதுவே அவருடைய முதல் விதி.

பின்னர் அந்தக் கருவியையும், உருகிய வெள்ளீய குளோரைடு உள்ள குழாயையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கம்பியில் இணைத்தார். இரண்டின் வழியாகவும் செல்வது அதே மின்சாரம். ஒன்றில் சேர்ந்த ஹைட்ரஜனையும் மற்றதில் படிந்த வெள்ளீயத்தையும் நிறுத்துப் பார்த்தார். அவற்றின் எடைகள் அவ்வப் பொருளின் சமான எடைக்கு ஏற்ற விகிதத்தில் இருந்தன. காரீயம், குளோரின், அயோடின் என்று பல பொருள்களிலும் அதே விகிதம். இதுவே இரண்டாம் விதி. இன்றைய அளவில் சொன்னால், 96,485 கூலும் மின்சாரம் செலுத்தினால் ஹைட்ரஜன் 1 கிராம், ஆக்சிஜன் 8 கிராம், செம்பு ஏறக்குறைய 32 கிராம், வெள்ளி ஏறக்குறைய 108 கிராம் வெளியாகும். ஓர் ஆம்பியர் மின்னோட்டம் இடைவிடாமல் ஓடினால் இதற்கு 26 மணி 48 நிமிடம் பிடிக்கும். அந்த 96,485 என்ற எண்ணுக்கு இன்று பாரடே மாறிலி என்று பெயர்.

நம் ஆய்வகத்தில் மயில்துத்தக் கரைசலில் இரண்டு செப்புத் தகடுகளை நிறுத்தி மின்கலத்துடன் இணைக்கிறோம். ஒரு தகடு மெலிகிறது. மற்றதில் புதிய செம்பு ரோஜா நிறத்தில் பூக்கிறது. நீல நிறம் மட்டும் குறைவதில்லை. ஒரு பக்கம் கரைந்த அளவே மறுபக்கம் படிகிறது என்பதைத் தராசில் வைத்தால் காணலாம். பார்ப்பதற்கு அழகானதுதான். ஆனால் அழகைப் பார்த்ததோடு நிற்காமல் தராசை எடுத்தாரே, அதனால்தான் அவர் பாரடே.

கண்டதைச் சொல்லப் பழைய சொற்கள் போதவில்லை. கிரேக்க மொழி அவருக்குத் தெரியாது. ஆகவே தெரிந்தவர்களைக் கேட்டார். கேட்பதற்கு அவர் என்றும் வெட்கப்பட்டதில்லை. 1834இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி அறிஞர் வில்லியம் ஹியூவெல் ஆனோடு, கேத்தோடு, அயான் முதலிய சொற்களை அமைத்துத் தந்தார். மேலேறும் வழி, கீழிறங்கும் வழி என்பது முதல் இரண்டின் பொருள். மின்சாரம் கிழக்கில் நுழைந்து மேற்கில் வெளியேறுவதாக எண்ணிக்கொண்டால், ஒன்று சூரியன் ஏறும் பக்கம், மற்றது இறங்கும் பக்கம். அயான் என்றால் செல்வது. அந்தச் சொல்தான் தமிழில் அயனி ஆயிற்று. வேதியியல் புத்தகத்தில் நாம் மனப்பாடம் செய்யும் சொற்களுக்குப் பின்னே இரண்டு மனிதர்களின் கடிதப் போக்குவரத்து இருக்கிறது.

அவர் போட்ட மற்றொரு கணக்கும் வியப்பூட்டும். ஒரு கிரெயின் தண்ணீர், அதாவது ஏறக்குறைய 65 மில்லிகிராம், இரண்டு துளிக்கும் குறைவு. இதைப் பிரிக்கத் தேவையான மின்சாரத்தை, தேய்ப்பு இயந்திரத்தால் மின்னேற்றிய லேடன் ஜாடித் தொகுதியிலிருந்து பெற வேண்டுமானால், அதை எட்டு லட்சம் முறை ஏற்றி இறக்க வேண்டும் என்று மதிப்பிட்டார். ஒரு பெரிய மின்னலின் மின்சாரத்திற்கு அது ஈடாகும் என்றும் கருதினார். ஒரு சிறு துளிக்குள் அவ்வளவு மின்சாரம் அடங்கிக் கிடக்கிறது!

அவர் எல்லாவற்றையும் சரியாகவே சொன்னார் என்று கூற முடியாது. மின்சாரம் செலுத்தும்போதுதான் அயனிகள் பிரிகின்றன என்று நினைத்தார். மின்சாரம் வருவதற்கு முன்பே கரைசலில் அவை தனித்தனியே இருக்கின்றன என்பதைச் சுவீடன் நாட்டு அர்ரீனியஸ் 1880களில் விளக்கினார். அணு என்ற ஒன்று உண்மையிலேயே உண்டா என்பதிலும் பாரடேக்குத் தயக்கம். அவருடைய விதியோ அதற்கு ஒரு படி மேலே போய்விட்டது. அணுவுக்கு இவ்வளவு மின்சாரம் என்று கணக்கு இருக்குமானால், மின்சாரத்திற்கே அணுபோன்ற துகள் இருக்க வேண்டுமல்லவா? 1881இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் லண்டனில் பாரடே நினைவுச் சொற்பொழிவில் இதை எடுத்துக்காட்டினார். 1891இல் அத்துகளுக்கு எலெக்ட்ரான் என்று பெயர் வந்தது. 1897இல் ஜே. ஜே. தாம்சன் அதைக் கண்டறிந்தார்.

விதி பிறந்த சில ஆண்டுகளிலேயே, 1840இல், பர்மிங்காம் நகரின் எல்கிங்டன் குடும்பத்தார் வெள்ளி முலாம் பூசும் மின்முறைக்குக் காப்புரிமை பெற்றனர். 1886இல் அலுமினியத்தை மின்சாரத்தால் மலிவாகப் பிரிக்கும் முறை வந்தது. அதற்குமுன் அது அரிய உலோகம், இன்று அதில் சோறு வடிக்கிறோம். நம் காரைக்குடியில் 1953இல் தொடங்கிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் முழுவதும் இந்தத் துறைக்கென்றே அமைந்தது. அதற்காக வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கினார்.

பாரடேயின் ஆய்வகம் ராயல் இன்ஸ்டிடியூஷனின் நிலவறையில் இருந்தது. அவருக்கு உதவி, பழைய இராணுவ வீரரான சார்ஜென்ட் ஆண்டர்சன் ஒருவரே. ஒரு நாள் மாலை ஆண்டர்சனை வீட்டுக்கு அனுப்ப மறந்துவிட, மறுநாள் காலை வந்து பார்த்தால் அவர் இரவெல்லாம் உலைக்கு நெருப்பிட்டுக்கொண்டே இருந்தாராம். அன்றன்று செய்ததை பாரடே நாட்குறிப்பில் பத்தி பத்தியாக எண்ணிட்டு எழுதினார். கடைசி எண் 16,041. தோற்ற சோதனைகளும் அதில் இருக்கின்றன.

மனைவி சாரா. 1821இல் மணந்தனர், குழந்தைகள் இல்லை. இருவரும் சாண்டிமேனியர் என்னும் சிறிய கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர்கள். பணம் சேர்த்து வைப்பதை அச்சபை நல்லதென்று கருதவில்லை. பாரடேயும் அப்படியே வாழ்ந்தார். தொழிற்சாலைகளுக்கு ஆலோசனை கூறியே பெருஞ்செல்வம் ஈட்டியிருக்கலாம். ஆராய்ச்சிக்கு நேரம் போதாதென்று அவற்றைக் குறைத்துக்கொண்டார். 1835இல் அரசு ஓய்வூதியம் தர முன்வந்தபோது, பிரதமர் மெல்போர்ன் பிரபு அத்தகைய ஊதியங்களை இழிவாகப் பேசிவிட்டார். பாரடே அன்றே வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். பிரதமர் எழுத்து மூலம் வருத்தம் தெரிவித்த பின்னரே ஆண்டுக்கு 300 பவுனை ஏற்றுக்கொண்டார். கொல்லர் மகனிடம் இங்கிலாந்தின் பிரதமர் மன்னிப்புக் கேட்டார்! ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவி தேடி வந்தபோது அதையும் மறுத்துவிட்டார்.

குழந்தைகளிடம் அவருக்கு அளவற்ற பிரியம். அவர்களுக்கென்று ராயல் இன்ஸ்டிடியூஷனில் நடைபெறும் கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளை 19 ஆண்டுகளில் அவரே ஆற்றினார். ஒரு மெழுகுவர்த்தி எரிவதை வைத்துக்கொண்டே 1860ஆம் ஆண்டு இறுதியில் ஆறு சொற்பொழிவுகள் செய்தார். தண்ணீரை மின்சாரத்தால் பிரிக்கும் சோதனையும் அவற்றில் உண்டு. அப்போது அவருக்கு வயது 69.

ஆனால் அந்த அறிவுக் களஞ்சியத்தில் மறதி குடியேறியிருந்தது. 1839ஆம் ஆண்டின் இறுதியிலேயே தலைச்சுற்றலும் மறதியும் தோன்றிச் சில ஆண்டுகள் வேலையை நிறுத்த நேர்ந்தது. மீண்டு வந்து 1845இல் ஒளிக்கும் காந்தத்திற்கும் உள்ள தொடர்பைக் கண்டார். எனினும் நோய் முற்றிலும் அகலவில்லை. தாம் செய்து முடித்த சோதனையை மறந்துவிட்டு மீண்டும் தொடங்குவாராம். எண்ணிட்ட நாட்குறிப்பு எவ்வளவு துணையாக இருந்திருக்கும் என்று நினைக்கையில் மனம் கனக்கிறது. 1858இல் விக்டோரியா அரசியார் ஹாம்டன் கோர்ட்டில் அவருக்கு ஒரு வீட்டைக் கொடுத்தார். மார்செட் அம்மையார் காலமானதும் அதே ஆண்டில்தான். அப்போது ஜெனிவாவிலிருந்த நண்பர் ஒருவருக்குப் பாரடே எழுதிய கடிதத்தில், பைண்டிங் கடையில் அந்த நூல் கைக்கு வந்த நாளையும், சிறு சிறு சோதனைகளால் அதைச் சரிபார்த்துக்கொண்டதையும் நினைவுகூர்ந்தார். எத்தனையோ மறந்துபோன அவருக்கு அது மறக்கவில்லை.

1867 ஆகஸ்ட் 25ஆம் நாள் தம் நாற்காலியில் அமர்ந்தபடியே பாரடே அமைதியாக உயிர் நீத்தார். லண்டன் ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில், அவர் விரும்பியபடி ஆடம்பரமின்றி அடக்கம் செய்யப்பட்டார். அங்குள்ள கல்லில் அவர் பெயரும், பிறந்த நாளும், இறந்த நாளும் மட்டுமே பொறிக்கப்பட்டுள்ளன.